நாய்க்கும் பூனைக்கும் மயக்க மருந்து: முதல் முறை கூட்டிப்போகிறவர்களுக்கு

மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் ஏதோ ஒரு மூலையில் ‘மயக்க மருந்தினால் உயிருக்கு ஆபத்து நேரலாம்’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்ததும் கை நின்றுவிடும். கருத்தடைக்கோ பல் சுத்தம் செய்யவோதானே வந்தோம், இதென்ன உயிர் போகிற பேச்சு என்று தோன்றும். என் முதல் நாய் கருப்பனுக்காக அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு ஒன்றுமே தெரியாது. என்ன கேட்க வேண்டும் என்பதுகூடத் தெரியாது. அப்புறம் இன்னொரு நாய், மூன்று பூனை என்று பல தடவை அந்த வாசலில் உட்கார்ந்தாயிற்று. இப்போது கையெழுத்துக்கு முன்னால் கேட்க என்னிடம் நிறைய கேள்விகள் இருக்கின்றன.

முதலில் அந்த ஆபத்து எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் 117 கால்நடை மருத்துவமனைகளில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாய், பூனை, முயல்களைக் கணக்கெடுத்தார்கள். ஆரோக்கியமாக இருந்த நாய்களில் ஏறக்குறைய 1,850க்கு ஒன்றும், பூனைகளில் 900க்கு ஒன்றும் இறந்திருந்தன. ஏற்கெனவே நோய்ப்பட்டிருந்தவற்றில் அது 70, 75க்கு ஒன்று. முயல்களில் எல்லாம் சேர்த்து 72க்கு ஒன்று. இந்த எண்களைவிட என்னை யோசிக்கவைத்தது இன்னொன்று. இறந்த நாய்களில் கிட்டத்தட்டப் பாதியும், பூனைகளில் பத்தில் ஆறும் மேசையில் இறக்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்த பிறகு இறந்தன. அதிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள்.

ஆக, கத்தி வைக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பயப்படுவதில் அர்த்தமில்லை. முன்னால் இருக்கும் நாட்களில் பாதி வேலை நம்முடையது. பின்னால் இருக்கும் மணி நேரங்களில் யார் பக்கத்தில் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டுவைப்பதும் நம் வேலைதான்.

தேதி குறிக்கும் முன்பு

டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்பது 2 நிமிடம். அந்த உயிரோடு 24 மணி நேரமும் இருப்பவர் நீங்கள். படி ஏறினால் முன்பைவிட அதிகமாக இளைக்கிறதா, இரவில் இருமுகிறதா, எப்போதாவது கால் மடங்கி விழுந்து எழுந்ததா, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும். மயக்க மருந்து பெரும்பாலும் இதயத்தையும் மூச்சையும் மட்டுப்படுத்துகிற மருந்து. அதை உடலிலிருந்து வெளியேற்றுவதில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. அதனால் மேலே சொன்ன ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு துப்பு.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. நாயோ பூனையோ நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு. கைபேசியில் 30 விநாடி வைத்து எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும். கனவு கண்டு கால் உதைத்துக்கொண்டிருக்கும்போது எண்ணாதீர்கள், அந்தக் கணக்கு தப்பு. இரண்டு மூன்று நாள் எண்ணியும் 30க்கு மேலேயே இருந்தால், தேதி குறிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். பூனைகள் விஷயத்தில் இது முக்கியம். இதயத்தசை தடித்துப்போகும் நோய் இருந்தாலும் பூனை வெளியே ஒன்றும் காட்டாது; ஸ்டெத்திலும் சில சமயம் பிடிபடாது. சந்தேகம் இருந்தால் எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுக்கச் சொல்வார்கள். வீண்செலவு என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் மருந்துப் பட்டியல். தினமும் தரும் மாத்திரை, உண்ணிக்குப் போட்ட மருந்து, மூட்டுவலிக்கு யாரோ சொல்லித் தருகிற பொடி, எண்ணெய் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதோடு சில வகை வலிநிவாரணிகள் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். வலிப்பு மாத்திரையைப் பொதுவாக அன்று காலையிலும் நிறுத்த மாட்டார்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளை அன்று மட்டும் நிறுத்தச் சொல்வார்கள். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முன்பு எப்போதாவது மயக்க மருந்து கொடுத்து விழிக்க நேரமானது, வாந்தி எடுத்தது என்று ஏதாவது நடந்திருந்தால் அதுதான் பட்டியலில் முதல் வரி.

ரத்தப் பரிசோதனை எதற்கு, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன். ரத்தசோகை, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத்தான் அதில் முக்கியமாகப் பார்க்கிறார்கள். உண்ணிக் காய்ச்சல் வந்துபோன நாய் வெளிப்பார்வைக்குத் துள்ளிக்கொண்டிருக்கும். பிளேட்லெட் மட்டும் குறைவாக இருக்கும். கத்தி பட்ட இடத்தில் ரத்தம் நிற்காதபோதுதான் தெரியவரும். உண்ணி நடமாட்டம் உள்ள இடத்தில் வளரும் நாய் என்றால் இந்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு டாக்டர் ஒரு தரம் போடுவார். 1 என்றால் நல்ல ஆரோக்கியம். 5 என்றால் அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் பிழைப்பது கடினம் என்ற நிலை. மனிதர்களுக்குப் போடும் அதே முறைதான். ‘என் நாய் எந்தத் தரம்?’ என்று தாராளமாகக் கேட்கலாம். 3 அல்லது அதற்கு மேல் என்றால், அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைத்து, முதலில் உடம்பைத் தேற்ற முடியுமா என்பது அடுத்த கேள்வி.

வயதாகிவிட்டது, மயக்க மருந்து தாங்காது என்று சொல்லி, சொத்தைப் பல்லோடும் சீழோடும் கிழப்பூனைகளை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். வயது ஒரு நோயல்ல. வயதோடு வரும் நோய்களைத் தேட வேண்டும், அளவைக் குறைக்க வேண்டும், கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். நல்ல பரிசோதனையோடு போகும் 13 வயதுப் பூனையைவிட, ஒன்றுமே பார்க்காமல் மேசைக்குப் போகும் 3 வயது நாயைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

இனத்துக்கு இனம்

பக், புல்டாக், பாக்ஸர், பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்குக்காரர்களின் தொண்டைக்குள் அண்ணச் சதை நீளமாகத் தொங்கும், மூச்சுக்குழாயும் சிறுத்திருக்கும். விழித்திருக்கும்போது தசையை இறுக்கிப் பிடித்து எப்படியோ மூச்சை ஓட்டிக்கொள்வார்கள். மருந்து ஏறித் தசை தளர்ந்ததும் வழி அடைபடும். இவர்களுக்கு மயக்கம் கொடுக்கும் முன் சில நிமிடம் ஆக்சிஜன் முகர வைப்பார்கள். கடைசியில், மூச்சு விடத் தொண்டைக்குள் வைத்த குழாயை எடுப்பதில் அவசரமே படக்கூடாது. தலையைத் தூக்கி, குழாயை மென்று துப்பப் பார்க்கிற அளவுக்கு விழித்த பிறகுதான் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது பக் என்றால், ‘குழாயை எப்போது எடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பதிலிலேயே அந்த மருத்துவமனையின் பழக்கம் தெரிந்துவிடும்.

கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு ஒரு மரபணு மாற்றம் உண்டு. சில மருந்துகள் மூளைக்குள் போகாமல் தடுக்கும் காவல் அவற்றுக்குச் சரியாக வேலை செய்யாது. அசிப்ரோமசின், பியூட்டார்ஃபனால் போன்ற அமைதிப்படுத்தும் மருந்துகளைக் குறைந்த அளவில்தான் தருவார்கள். டோபர்மேனுக்கு ரத்தம் உறைவதில் பரம்பரைக் கோளாறு இருக்கக்கூடும், கேட்டுப் பார்த்துவிட வேண்டும். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி ஓட்டக்காரர்களின் உடலில் கொழுப்பு குறைவு, சில மருந்துகள் இறங்க நேரமாகும், குளிரும் சீக்கிரம் ஏறும். கலப்பினமாக இருந்தாலும் தாய் தகப்பன் சாயல் தெரிந்தால் சொல்லிவையுங்கள்.

எடை எல்லோருக்கும் பொது. மருந்து கிலோ கணக்கில் போடப்படுகிறது. போன வருடம் தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதிய எடை இன்றைக்கு உதவாது. அன்று காலை தராசில் நிறுத்தச் சொல்லுங்கள். 3 கிலோ பூனைக்கு அரை கிலோ வித்தியாசம் என்பது ஆறில் ஒரு பங்கு.

மருத்துவமனையிடம் கேட்க வேண்டியவை

கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

- அறுவை செய்பவரைத் தவிர, மயக்கத்தை மட்டும் கவனிக்க இன்னொருவர் இருப்பாரா?
- நரம்பில் ஊசிக்குழாய் போட்டுவைப்பீர்களா? மூச்சுக்குழாயில் டியூப் வைப்பீர்களா?
- ஆக்சிஜன், ரத்த அழுத்தம், மூச்சில் வெளியேறும் கரியமில வாயு ஆகியவற்றில் எதையெல்லாம் கருவி வைத்துப் பார்ப்பீர்கள்?
- உடம்புச்சூடு இறங்காமல் இருக்க என்ன செய்வீர்கள்?
- கண்விழிக்கும் வரை யார் பக்கத்தில் இருப்பார்கள்? இரவு தங்க நேர்ந்தால் அங்கே ஆள் இருக்குமா?
- இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயற்சி செய்வீர்களா, அதற்கு என் சம்மதம் இப்போதே வேண்டுமா?

இதில் முதல் கேள்விக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராது. கருவி ஓசை எழுப்பும். அதைக் கேட்க ஒரு காது வேண்டும். மயக்க வாயு ஓடும் இயந்திரத்தில் மிஞ்சிய காற்றை வெளியேற்ற ஒரு வால்வு இருக்கும். பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க வேண்டிவந்தால் அதை ஒரு நொடி மூடுவார்கள். திறக்க மறந்துவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் நுரையீரலுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சில நிமிடங்களில் இதயமே நின்றுவிடும். தையலில் கண்ணாக இருப்பவர் அதைக் கவனிக்க மாட்டார். அதற்குத்தான் அந்த இரண்டாவது ஆள்.

பூனைக்குப் பல் சிகிச்சை என்றால் கூடுதலாக ஒரு கேள்வி. வாயைப் பிளந்து வைக்க ஸ்பிரிங் வைத்த கருவியைப் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். பூனையின் வாயை அகலமாக நெடுநேரம் திறந்தே வைத்தால் மூளைக்கும் கண்ணுக்கும் போகும் ரத்தம் தடைபட்டுப் பார்வை போய்விடுவதுண்டு. இது தெரிந்த மருத்துவர்கள் அந்தக் கருவியைத் தவிர்த்துவிடுகிறார்கள். மயக்கமே இல்லாமல் பல் சுத்தம் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள். வெளியே தெரியும் கறைதான் போகும். ஈறுக்கு அடியில் இருக்கும் நோய் அப்படியே இருக்கும்; பயந்த விலங்கை அமுக்கிப் பிடித்த வேதனைதான் மிச்சம்.

முந்தின இரவு

வயிற்றில் உணவு இருந்தால், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்குகிற உணர்வும் இருமுகிற உணர்வும் அப்போது வேலை செய்யாது. அதற்குத்தான் பட்டினி. ஆனால் எவ்வளவு நேரம் என்பதில் பழைய வழக்கம் மாறிவிட்டது. நள்ளிரவு முதல் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்பார்கள் முன்பெல்லாம். அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆரோக்கியமான வளர்ந்த நாய் பூனைகளுக்கு 4 முதல் 6 மணி நேரம் போதும் என்கிறார்கள். அதிக நேரம் காயப்போட்டால் வயிற்று அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாகும் வாய்ப்பு உண்டு. தண்ணீரைத் தடுக்கத் தேவையில்லை. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கும் 2 கிலோவுக்குக் குறைந்த உடம்புக்கும் 1 முதல் 2 மணி நேரத்துக்கு மேல் பட்டினி கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். சர்க்கரை நோய் உள்ளவற்றுக்கு இன்சுலின் எவ்வளவு, உணவு எவ்வளவு என்று டாக்டர் தனியாக எழுதித் தருவார். அடிக்கடி உணவைக் கக்கும் நாய்க்கு 6 முதல் 12 மணி நேரம் வரை சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் நேரம் வேறாக இருந்தால், அவர் சொல்வதையே கேளுங்கள். ஏன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே என் கதை ஒன்று. கருப்பனுக்கு இரண்டாவது தடவை. விடியற்காலை 5 மணிக்கு, பாதித் தூக்கத்தில், வழக்கம்போல மாத்திரையை ஒரு பிஸ்கட்டுக்குள் வைத்து ஊட்டிவிட்டேன். கூடவே வெறும் பிஸ்கட் இரண்டு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு. மருத்துவமனையில் ‘ஏதாவது சாப்பிட்டானா?’ என்று கேட்டார்கள். ‘இல்லை’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. திட்டுவார்களே, தேதி தள்ளிப்போகுமே என்ற வெட்கம்தான் காரணம். எப்படியோ உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ‘சரி, மதியத்துக்கு வைத்துக்கொள்வோம்’ என்றார் டாக்டர், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லாதீர்கள். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரிடமும் சொல்லிவையுங்கள். சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதன்மேல் ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள். பூனையை முந்தின இரவே ஒரு அறையில் அடைத்துவிடுவது நல்லது. வெளியே போய் எலி பிடித்துத் தின்றுவிட்டு வந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

முயலுக்கும் கினி பன்றிக்கும் இந்தப் பட்டினி விதி பொருந்தாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அதுவே உயிருக்கு ஆபத்து. கடைசி வரை புல் இருக்கட்டும். அது வழக்கமாகத் தின்னும் உணவையும் கையோடு கொண்டுபோங்கள், விழித்ததும் கொடுக்க.

அன்று காலை

பயம் மயக்க மருந்தின் எதிரி. மிரண்டுபோன பூனையின் உடலில் ஓடும் அட்ரினலினை அடக்க அதிக மருந்து தேவைப்படும். மருந்து கூடினால் இதயத்துக்கும் மூச்சுக்கும் சுமை கூடும். அதனால் கூடையை ஒரு வாரம் முன்னாலேயே எடுத்து வீட்டுக்குள் வைத்து, பூனை தூங்கும் துணியை உள்ளே விரித்துவிடுங்கள். மிகவும் பயப்படும் பூனைக்கு முந்தின இரவும் கிளம்புவதற்கு 2, 3 மணி நேரம் முன்பும் பயத்தைத் தணிக்கும் கபாபென்டின் மருந்தைக் கொடுக்கச் சொல்வது இப்போது பரவலான பழக்கம். டாக்டர் எழுதித் தந்தால் மட்டும். மனிதர்களுக்கான அதே மருந்தின் திரவ வடிவத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருப்பதுண்டு, அது நாய்க்கு நஞ்சு. வீட்டில் இருக்கும் புட்டியை எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

நாயை ஒரு நடை கூட்டிப்போய் வயிற்றையும் சிறுநீர்ப்பையையும் காலி செய்யவையுங்கள். ஓட விடாதீர்கள். குளிப்பாட்ட வேண்டுமென்றால் அதற்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள். தையல் பிரிக்கும் வரை தண்ணீர் காட்ட முடியாது. அன்று காலை வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல், பெட்டை நாயிடம் ரத்தக்கசிவு என்று எதைப் பார்த்தாலும் கிளம்பும் முன் போன் செய்யுங்கள். கைபேசியை முழுதாகச் சார்ஜ் போட்டு, சத்தத்தைக் கூட்டி வையுங்கள். நடுவில் ஒரு முடிவு கேட்டு அழைப்பார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம்

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய வதை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு ஊசி. பயத்தையும் வலியையும் முன்கூட்டியே அடக்குகிற கலவை அது. பத்து இருபது நிமிடத்தில் தலை தொங்கும். முன்னங்காலில் கையகல ரோமத்தை வழித்து நரம்பில் சின்னக் குழாய் வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் ‘இங்கே ஏன் மொட்டையாக இருக்கிறது?’ என்று பதற வேண்டாம். அடுத்தது மயக்கத்தில் ஆழ்த்தும் மருந்து. பால் போல வெள்ளையாக இருக்கும் புரோப்போஃபால் பரவலாகப் பயன்படுவது. அதை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் மூச்சு சற்று நின்றுவிடும். கெட்டமினை இன்னொரு மருந்தோடு சேர்த்துத் தருவோரும் உண்டு. பிறகு தொண்டைக்குள் டியூப். அதன் நுனியில் இருக்கும் சின்ன பலூனை ஊதிவிட்டால் எச்சிலோ வயிற்றில் இருப்பதோ நுரையீரலுக்குள் இறங்காது. அந்த டியூப் வழியாக ஆக்சிஜனும் ஐசோஃப்ளுரேன் அல்லது செவோஃப்ளுரேன் வாயுவும் போகும். வாயுவின் நன்மை, குமிழியைத் திருகினால் மயக்கம் கூடும் குறையும்; நிறுத்தினால் மூச்சிலேயே வெளியேறிச் சில நிமிடங்களில் தெளியும்.

கண் பாதி திறந்தே இருக்கும், கண்ணீரும் சுரக்காது. அதனால் களிம்பு தடவுவார்கள். நாக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள், ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனைப் பார்க்க. 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஏன் என்று தேட வேண்டும். வெளியேறும் கரியமில வாயுவைக் காட்டும் கருவியில் 35 முதல் 45 வரை இயல்பு, மயக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஏறலாம். கிளிப்பைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆக்சிஜன் குறைவதற்குள் மூச்சு நின்ற செய்தி இதில் வந்துவிடும். சராசரி ரத்த அழுத்தம் 60க்குக் கீழே நெடுநேரம் இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். அதைப் பார்த்துத்தான் வாயுவைக் குறைப்பதும் டிரிப்ஸ் வேகத்தை மாற்றுவதும்.

குளிரை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நாய் பூனையின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். வயிற்று ரோமத்தை வழித்து, ஈரத் துடைப்பும் ஸ்பிரிட்டும் தடவி, இரும்பு மேசையில் படுக்கவைத்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மளமளவென்று இறங்கும். சூடு இறங்கிய உடம்பு மருந்தை வெளியேற்ற நேரம் எடுக்கும், விழிக்கத் தாமதமாகும். பூனைக்கும் பொம்மை போன்ற சின்ன நாய்களுக்கும் இது இன்னும் வேகமாக நடக்கும். பாதத்தைத் துணியில் சுற்றுவது, வெந்நீர் ஓடும் மெத்தை, வெப்பக் காற்றுப் போர்வை என்று எதையாவது செய்ய வேண்டும்.

விழிக்கும் நேரம்

என் பூனை சுந்தரியை ஒரு மருத்துவமனையில், எல்லாம் முடிந்து அரை மணி நேரத்தில், துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். தலை ஆடிக்கொண்டிருந்தது. காது ஐஸ் மாதிரி. நான் ஏதும் தெரியாமல் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் இரவு முழுக்க அவளை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். தானாக நிமிர்ந்து உட்கார வேண்டும், பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், தள்ளாடினாலும் நாலடி நடக்க வேண்டும், காதும் பாதமும் கதகதப்பாக இருக்க வேண்டும். உடம்புச்சூடு எவ்வளவு என்று எண்ணாகவே கேட்பேன். இவ்வளவும் இல்லாவிட்டால், ‘இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். முதல் 3 மணி நேரத்தைப் பற்றிய அந்தக் கணக்கு நினைவிருக்கிறதல்லவா?

ஈறைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே இருக்கும் ஈறில் விரலை ஒரு நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். அதற்கு மேல் நேரமானால், அல்லது ஈறே வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு. அவற்றுக்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். நல்ல நாளிலேயே இரண்டு மூன்று தடவை பார்த்துப் பழகினால்தான் அன்று வித்தியாசம் தெரியும்.

வீட்டில் முதல் இரவு

தரையில் படுக்கை போடுங்கள். கட்டில், சோபா, மாடிப்படி எதுவும் வேண்டாம். இடம் தெரியாமல் குதித்துக் கால் முறியும். பூனையைக் கூடையைவிட்டுச் சிறிய, இருட்டான ஒரு அறையில் விடுங்கள். மடித்த போர்வை போதும். வெந்நீர்ப் பையை நேராக உடம்பில் வைக்க வேண்டாம். சூடு தாங்காமல் நகர அதற்குத் தெம்பு இருக்காது, தோல் வெந்துவிடும்.

தண்ணீர் கொஞ்சம், நன்றாக விழித்த பிறகு. அது தங்கினால், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வழக்கமான உணவில் கால் பங்கு. பாவம், நாள் முழுக்கப் பட்டினி என்று தட்டு நிறைய வைக்காதீர்கள். பிள்ளைகள் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்ச வேண்டாம்; மருந்து தெளியாத நாய் எவ்வளவு சாதுவானாலும் கடித்துவிடும். சில நாய்கள் இரவெல்லாம் முனகும். வலி என்று நினைப்போம், பாதி நேரம் அது மருந்தின் குழப்பம். விளக்கைக் குறைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாலே அடங்கும். அடங்காமல், தொட்டால் சுருங்குகிறது, சாப்பிட மறுக்கிறது, ஒரே நிலையில் விறைத்து உட்கார்ந்திருக்கிறது என்றால் வலிதான். போன் செய்து கேளுங்கள்.

வலி மாத்திரை என்றதும் நம் மருந்துப் பெட்டிக்குக் கை போகும். கூடாது. பாராசிட்டமால் பூனையைக் கொல்லும், அரை மாத்திரையே போதும். இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எழுதித் தந்த மருந்து, எழுதித் தந்த அளவு, அதற்கு மேல் எதுவும் இல்லை.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். நேற்று வரை ஒட்டிப் படுத்தவள், இன்று திரும்பி வந்தவளைப் பார்த்துச் சீறுவாள். மருத்துவமனை வாடை ஏறியதால் ஆளே மாறிவிட்டதாக நினைக்கிறாள். ஒரு நாள் தனித்தனியாக வைத்து, இருவர் படுத்த துணியையும் மாற்றி மாற்றிப் போட்டால் பழையபடி சேர்ந்துவிடுவார்கள்.

எப்போது போன் செய்வது

அன்றிரவு தூங்கி வழிவதும், ஓரிரு நாள் லேசாக இருமுவதும் (டியூப் உரசிய தொண்டை), இரண்டு மூன்று நாள் மலம் கழிக்காததும் சாதாரணம். இவை சாதாரணமல்ல: ஈறு வெளுப்பது, மூச்சுவிடச் சிரமப்படுவது, பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் எழாதது, மறுநாள் காலையிலும் போதை தெளியாதது, திரும்பத் திரும்ப வாந்தி, 24 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது, தையலிலிருந்து சொட்டும் ரத்தம், வயிறு உப்புவது. பூனையின் கழுத்திலோ தோளிலோ தோல் உப்பி, அழுத்தினால் நொறுநொறுவென்று இருந்தால் தோலுக்கடியில் காற்று சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். டியூப் மூச்சுக்குழாயைக் கிழித்திருக்கலாம். ஓரிரு நாள் கழித்தும் தெரியவரும். முயல் அன்றிரவுக்குள் தின்னவோ புழுக்கை போடவோ தொடங்காவிட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இரவு நேர எண் எது என்பதை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே வாங்கிவைத்திருக்க வேண்டும். 2 மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். தையலை நக்கிப் பிரிக்க 5 நிமிடம் போதும். மறுபடி தைக்க மறுபடி மயக்க மருந்து. தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளில்.

அன்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது ஒரு வேலை பாக்கி. எந்தெந்த மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள், நடுவில் ரத்த அழுத்தமோ சூடோ இறங்கியதா, விழிக்க எவ்வளவு நேரமானது என்று எழுதிய மயக்கக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, தடுப்பூசிப் புத்தகத்தோடு சேர்த்துப் பின் அடித்துவையுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவமனையாக இருந்தாலும், ‘முன்பு ஏதாவது பிரச்சினை இருந்ததா?’ என்று கேட்கும்போது யோசிக்காமல் அதை எடுத்து நீட்டிவிடலாம்.